இடுப்பு உயரத்துக்கு ஏறிய வீடு

நாள் முழுக்க வேலை செய்கிற பொம்பிளைக்கு எக்சசைஸ் எதற்கு என்று ஊரெல்லாம் கேட்டுக்கொண்டு திரிந்தவள் நான். கல்யாண வீட்டில் கேட்டிருக்கிறேன், மௌத்து வீட்டில் கேட்டிருக்கிறேன், கல்முனை பஸ்ஸில் பக்கத்தில் இருந்த முன்பின் தெரியாத ஒருத்தியிடமும் கேட்டிருக்கிறேன். எல்லாரும் "ஓம், நியாயம்தான்" என்றார்கள். ஒரு குடும்பப் பொம்பிளையின் முகத்தைப் பார்த்து "நீ செய்யும் வேலை காணாது" என்று சொல்ல எங்கள் பக்கத்தில் யாருக்குத் தைரியம் வரும்? அதனால் எனக்கு எதிர்ப்பேச்சே இல்லாமல் இருந்தது. இப்போதும் நான் அதே கட்சிதான். ஆனால் இடையில் ஒரு வருடம் என் கட்சி எனக்கெதிராகவே சாட்சி சொன்னது. அதை எழுதாமல் விட்டால் நான் பேசித் திரிந்ததெல்லாம் வெறும் பேச்சாகிப் போய்விடும்.

எல்லாம் ஒரு வெள்ளை பிளாஸ்டிக் கதிரையில் தொடங்கியது.

நோன்பு மாதத்தில் எங்கள் ஒழுங்கைப் பெண்கள் இஷா என்கிற இரவுத் தொழுகைக்குப் பிறகு தராவீஹ் தொழுவதற்கு ஒரு வீட்டில் கூடுவார்கள். அந்த வீட்டில் நீளமான விறாந்தை இருக்கிறது. குர்ஆனை மனனம் செய்த இளம் பிள்ளை ஒருத்தி முன்னால் நின்று தொழுவிப்பாள். பின்னால் நாங்கள் தோளோடு தோள் ஒட்டி வரிசையாக நிற்போம். என் இடம் எப்போதும் என் மச்சிக்குப் பக்கத்தில். மச்சி என்றால் என் கணவரின் தங்கை, அடுத்த ஒழுங்கை. நாக்கில் மிளகாய் அரைத்து வைத்திருப்பவள். அவளுடைய தோள் என் தோளில் படாமல் நான் தராவீஹ் தொழுத ஞாபகமில்லை.

போன நோன்புக்கு முந்தின நோன்பில் என் முழங்கால் மறுத்துவிட்டது. கீழே போனால் மேலே வர ஏலாது, மேலே நின்றால் கீழே போக ஏலாது. வரிசையின் கடைசியில் சுவரோரமாக எனக்கு ஒரு கதிரை போட்டார்கள். மார்க்கத்தில் அதற்கு அனுமதி இருக்கிறது. ஏலாதவர் இருந்தும் தொழலாம், படுத்தும் தொழலாம். எல்லாம் தெரியும். ஆனாலும் நெற்றியை நிலத்தில் வைக்கிற சுஜூதுக்குப் போகும் நேரம்தான் உறைக்கும். விறாந்தை முழுக்க ஒரே அசைவாகக் கீழே போகும். நான் மட்டும் மேலே, தலையைக் கொஞ்சம் தாழ்த்திக்கொண்டு. கண்ணுக்கு முன்னால் வெள்ளை வெள்ளையாக முதுகுகள். அறுபது எழுபது வயதுக் கிழவிகளின் முதுகுகள் கூட அங்கே கீழே கிடந்தன.

தொழுது முடிய மச்சி கேட்டாள்: "என்னகா, மேல இருந்து எங்களக் காவல் காக்கிறியா?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே சொன்னேன்: "வாற நோன்புக்குப் பாரு. என்ட நெத்தி உன்ட நெத்திக்குப் பக்கத்தில தரையில முட்டும்."

"முதல்ல இன்ஷா அல்லாஹ் சொல்லுகா. பேச்சுக்கு முழங்கால் தேவையில்லத்தானே."

இன்ஷா அல்லாஹ் சொன்னேன். வீட்டுக்கு வந்து தொழுகை விரிப்பான முஸல்லாவைப் போட்டு, சும்மா அதன் மேல் நின்று பார்த்தேன். அதற்கும் எனக்கும் நடுவில் இருந்த தூரம் ஒரு முழங்கால் உயரம்தான். கிணற்றை எட்டிப் பார்ப்பது போல இருந்தது.

நாங்கள் இருக்கிற வீடு என் உம்மா எனக்குத் தந்த வீடு. மகளைக் கட்டிக்கொடுத்த அன்று நான் அதை அவளுக்குக் கொடுத்தேன். நானும் என் கணவரும் பின்பக்கத்து அறைக்கு வந்தோம். எங்கள் ஊரில் வேறு எப்படி நடக்கும்? மகள் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறாள், மருமகன் கட்டாரில், பள்ளிக்கூடம் போகிற ஒரு பேரன். வீடு அவள் கைக்குப் போன பிறகு குசினியை இடித்துப் புதிதாகக் கட்டினார்கள். பளிங்குக் கல், வரிசையாகக் கபட், கேஸ் அடுப்பு. அவள் பள்ளிக்கூடம் போன பிறகு சமையல் என் பொறுப்பு. சுபஹுக்கு எழும்பினால் இஷா வரைக்கும் என் கால் ஓயாது. அதைத்தான் நான் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன்.

என் கணவருக்கு வேறு கொள்கை. கல்முனை பஸாரில் துணிக்கடை வைத்திருந்தவர். கடையைத் தம்பியிடம் விட்டபிறகு சீனி வருத்தம் வந்தது. நடக்கச் சொல்லி டொக்டர் சொல்ல, மருமகன் கட்டாரில் இருந்து ஒரு வெள்ளைச் சப்பாத்து அனுப்பினான். அன்றிலிருந்து சுபஹு தொழுதுவிட்டு நாலைந்து கூட்டாளிமாரோடு கடற்கரை வீதியில் 'வோக்கிங்'. திரும்பி வரும்போது சட்டையில் வியர்வை இருக்காது, பராட்டா வாசம் இருக்கும். பேச்சுப் பல்லக்கு, தம்பி பொடிநடை என்று சும்மாவா சொன்னார்கள்.

"வேல வேற புள்ள, எக்சசைஸ் வேற," என்பார் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே. "எக்சசைஸ் எண்டா அதுக்கெண்டு நிய்யத் வெச்சுச் செய்யோணும்."

"மச்சான், நீங்க கடற்கரைக்குப் போய்ச் சேர முதல் நான் இந்தக் குசினிக்குள்ளயே பொத்துவிலுக்குப் போய்த் திரும்பி வந்திருவன்."

"அப்பிடியெண்டா ஏன் உன்ட முழங்கால் பாதி வழியில அக்கரைப்பற்றிலயே இறங்கிட்டு?"

அவரும் சும்மா இல்லை, பார்த்தீர்களா. முழங்கால் தேய்ந்துபோனது வேலை செய்து செய்துதான் என்று சொல்லிச் சமாளித்தேன். அதையே நம்பியும் இருந்தேன். ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையாது என்பார்கள். நான் ஐந்திலும் வளைந்தவள், பதினைந்திலும் வளைந்தவள். பிறகு ஏன் ஐம்பத்தெட்டில் வளையவில்லை? அந்தப் பழமொழிக்குள் எங்கோ ஒரு ஓட்டை இருந்தது.

ஹஜ்ஜுப் பெருநாளுக்குப் பிறகு கிளினிக்கில் புதிதாக ஒரு லேடி டொக்டர் வந்தார். மகளை விட இளையவர், நம்மட பக்கத்துப் பிள்ளை. என் சீனியைப் பார்த்தார், பிரஷரைப் பார்த்தார், முழங்கால் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு கேட்டார்:

"உம்மா, எக்சசைஸ் ஏதும் செய்றீங்களா?"

இந்தக் கேள்விக்காகத்தானே நான் பல வருடமாகக் காத்திருந்தேன். "மகள், சுபஹுல இருந்து இஷா மட்டும் வீட்டு வேல செய்றன். அது எக்சசைஸ் இல்லையா?" என்றேன். பக்கத்தில் இருந்த என் கணவர் கூரையைப் பார்த்தார்.

அந்தப் பிள்ளை சிரிக்கவில்லை. பேனையை வைத்துவிட்டு, "சொல்லுங்க, என்னென்ன வேல?" என்றார்.

நல்ல காலம், அவசரப்படுத்தவில்லை. நானும் சொல்லத் தொடங்கினேன். சமையல் என்றேன். "குந்தியிருந்தா, நிண்டா?" என்றார். நின்றுதான், கேஸ் அடுப்பு மேலே இருக்கிறதே. தேங்காய் துருவுவது? அது மேசை விளிம்பில் பூட்டுகிற கைமெஷின். நின்றுகொண்டு சுற்றினால் போதும். மீன்? சந்தையிலேயே வெட்டிக் கழுவித் தருகிறான். உடுப்பு? மெஷின். வீடு துடைப்பது? நீளத் தடி வைத்த துடைப்பான், குனியத் தேவையில்லை. வளவு கூட்டுவது? அது மகள், என்னை விடமாட்டாள். சாப்பாடு? முன்பெல்லாம் பாயில் சஹன் என்கிற பெரிய தட்டைச் சுற்றி இருப்போம், இப்போது மேசை. கக்கூஸ்? அதையும் கேட்டார். கொமட் என்றேன், தலையைக் குனிந்துகொண்டு. தொழுகை?

"கதிரையில," என்றேன்.

சொன்ன பிறகுதான் என் காதில் விழுந்தது. வாய் சொன்னதைக் காது கேட்பது எனக்கு எப்போதாவது நடக்கிற விஷயம். ஒவ்வொன்றாக, ஒவ்வொரு வருடமாக, என் வீடு இடுப்பு உயரத்துக்கு ஏறிப் போயிருந்தது. யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. "உம்மா குனியப்படாது" என்று மகள் ஒவ்வொரு சாமானாக மேலே தூக்கி வைத்தாள். கடைசியில் தரைக்குப் போகிற காரியம் என்று என் நாளில் மிஞ்சியிருந்தது தொழுகை ஒன்றுதான். மற்ற எல்லாம் மேலே போன பிறகு அது மட்டும் எப்படிக் கீழே நிற்கும்?

டொக்டர் இன்னொன்று கேட்டார். "வேல செய்யக்குள்ள கதைப்பீங்களா?"

"இவவா?" என்றார் என் கணவர். "நித்திரையிலயும் கதைப்பா."

"பாட ஏலுமா?"

"பாட்டும் படிப்பன் மகள். தாலாட்டுல இருந்து எல்லாம் படிப்பன்."

"அப்ப அது காணாது உம்மா. வீட்டு வேல எக்சசைஸ் இல்லெண்டு நான் சொல்லமாட்டன். கையில இருக்கிறது கூட்டுற ஈக்கில் கட்டா, பந்தா எண்டு நெஞ்சுக்குத் தெரியாது. மூச்சு வாங்கினா எல்லாம் ஒண்டுதான். கதைக்க ஏலும், ஆனா பாட ஏலாது, அந்த அளவுக்கு மூச்சு வாங்கோணும். உங்கட வேலையில மூச்சும் வாங்கல்ல, முழங்காலும் மடங்கல்ல. நீங்க களைக்கிறீங்க, அது உண்மை. களைப்பு வேற, பயிற்சி வேற."

பிறகு கதிரையில் இருந்து கையை ஊன்றாமல் எழும்பச் சொன்னார். ஏலவில்லை. எலும்பு கொஞ்சம்தான் தேய்ந்திருக்கிறது, தொடையில்தான் பலம் இல்லை என்றார். இருக்கிற இடத்தின் உயரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டு வரவேண்டும், வலி குத்தினால் நிறுத்தவேண்டும் என்றார்.

"நோன்புக்கு முதல் சுஜூது செய்ய ஏலுமா?" என்று கேட்டேன்.

"முயற்சி செய்யுங்க. நான் வாக்குத் தரமாட்டன்."

என் கணவர் எழும்பும்போது முகத்தில் பெருநாள் வெளிச்சம். "நான் எத்தின தரம் சொன்ன, கேட்டியா?" டொக்டர் அவர் பக்கம் திரும்பினார். "வாப்பா, நீங்க நடக்கிறீங்களா? மாஷா அல்லாஹ். நடந்து முடிய என்ன சாப்பிடுற?" வெளிச்சம் அணைந்துவிட்டது.

ஒட்டோவில் வரும் வழியெல்லாம் சண்டை. டொக்டர் யார் பக்கம் என்பதுதான் சண்டை. மூச்சு வாங்கினால் கூட்டுவதும் எக்சசைஸ் என்று அவர் சொன்னதை நான் பிடித்துக்கொண்டேன். என் கணவர் விடவில்லை.

"கூட்டுறது ஒரு எக்சசைஸா? ஒரு கையால கூட்டிக்கொண்டு மறுகையால பேப்பர் படிப்பன் நான்."

"படிச்சுக் காட்டுங்க."

அடுத்த நாள் காலை சப்பாத்துப் போட்டுக்கொண்டு வந்தவரிடம் ஈக்கில் கட்டைக் கொடுத்தேன். மகள் கூட்டுகிற நீளத் தடிக் கட்டை அல்ல. கையளவு, குனிந்தால்தான் மண்ணைத் தொடுகிற பழைய கட்டு. எங்கள் வளவு கடற்கரை மணல். மணலைக் கூட்டியவர்களுக்குத் தெரியும், சருகு வரும், மணலும் கூடவே வரும்; மணலை விட்டுச் சருகை மட்டும் இழுக்க வேண்டும். வாசல் படலையில் தொடங்கினார். முதல் நாலு இழுப்பும் கோலம் போட்ட மாதிரி அழகு. மாமரத்தடிக்கு வரும்போது ஒரு கை இடுப்பில் ஏறிவிட்டது.

"இந்த மரம் எப்ப இருந்து இவ்வளவு இலை போடுது?"

"நீங்க மாப்பிள்ளையா வந்த நாள்ல இருந்து."

வேலிக்கு அந்தப் பக்கத்தில் இருந்து ஒரு குரல்: "மாப்புள! வேலியோரம் விட்டுட்டீங்க, அங்கயும் கிடக்கு!" என் கணவருக்கு அறுபத்து நாலு வயது. இந்த ஒழுங்கைக்கு மாப்பிள்ளையாக வந்தவர் மௌத்தாகும்வரை மாப்பிள்ளைதான். பேரப்பிள்ளை கண்டாலும் அந்தப் பட்டம் கழறாது.

தென்னைமரத்தடியில் போய் நின்றார். சாரத்தின் தலைப்பால் முகத்தைத் துடைத்தார். நான் பின்படியில் நின்று சொன்னேன்: "மச்சான், ஒரு பாட்டுப் படிங்க பாப்பம்."

வாயைத் திறந்தார். பாட்டும் வரவில்லை, பதிலும் வரவில்லை. கையை மட்டும் ஆட்டினார். அன்றைக்கு அந்த வாதம் முடிந்தது. அவரும் பிறகு அதைக் கிளப்பவில்லை.

ஆனால் என் காரியம் அத்தனை லேசாக முடியவில்லை. மறுநாள் அதே கட்டை நான் எடுத்தேன். பின்பக்கம் முடித்து முன்பக்கத்துக்கு வந்ததும் மகள் தேத்தண்ணிக் கோப்பையோடு ஓடி வந்தாள். பள்ளிக்கூடத்துக்கு உடுத்த சாரியோடு மணலில் இறங்கி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"உம்மா, வைங்க கீழ. ஊர் என்ன சொல்லும்?"

"ஊர் என்ன சொல்ற? கூட்டுறா எண்டு சொல்லும்."

"வீட்டையும் எழுதி வாங்கிப்போட்டு, தாயை வளவு கூட்ட வெச்சிருக்கா எண்டு சொல்லும். உங்களுக்கு ஒண்டும் இல்ல. தல குனியிறது நான்."

கண் கலங்கிவிட்டது அவளுக்கு. அவள் சொன்னது பொய்யில்லை. வீடு கொடுத்த தாய் கையில் விளக்குமாறு இருந்தால் எங்கள் ஊர் அதைச் சும்மா விடாது. மகளுக்கு அது மானம். எனக்கு நோன்பு வருகிறது. ஒரே வளவுக்குள் இரண்டு பேரும் ஒரு ஈக்கில் கட்டின் இரண்டு முனையைப் பிடித்துக்கொண்டு நின்றோம்.

தீர்த்து வைத்தவர் என் கணவர். படலையடியில் சப்பாத்தைக் கட்டிக்கொண்டிருந்தவர் எழும்பி வந்தார்.

"முன்பக்கம் நான் கூட்டுறன்," என்றார். "ஊர்ட வாய்க்கு நான் இருக்கன். உம்மா பின்பக்கம் கூட்டட்டும், அங்க மதில் இருக்கு. ஒருத்தருக்கும் தெரியாது."

"வாப்பா, அதுக்கும் கதைப்பாங்க."

"கதைக்கட்டும். பொஞ்சாதி ஆட்டி வைக்கிறா எண்டு கதைப்பாங்க. அத அவங்க நான் கலியாணம் முடிச்ச நாள்ல இருந்து கதைக்கிறதானே."

மகள் சிரித்துவிட்டாள். நானும். பழி என் தலையில்தான் விழுந்தது என்றாலும் அவர் அதைச் சொன்ன அழகுக்கு அன்றைக்குப் பகலில் அவருக்கு விருப்பமான இறால் ஆணம் வைத்துக் கொடுத்தேன். அவர் கூட்டாளிமாரின் வோக்கிங்கையும் விடவில்லை. பராட்டாவைத்தான் கொஞ்சம் விட்டார். கூட்டிவிட்டுப் போகிறவருக்கு நடையில் ஒரு வேகம் வந்துவிட்டதாம், கூட்டாளிமார் பின்தங்குகிறார்களாம். அவர் சொன்னதுதான், நான் பார்க்கவில்லை.

நான் பின்வளவில் இறங்கினேன், இறங்கினேன் என்றால் உண்மையாகவே இறங்கினேன். முதலில் சாப்பாட்டு மேசைக் கதிரை. கை ஊன்றாமல் இருந்து எழும்புவது. அடுப்பில் சோறு கொதிக்கும்வரை அதுதான் வேலை. மகள் வந்து பார்த்து, "என்ன உம்மா, இருக்க மனமும் இல்ல, எழும்ப மனமும் இல்லையா?" என்றாள். அது சரியானதும் குளியலறையில் கிடந்த சின்ன ஸ்டூல். அதில் இருந்து கீரை ஆய்ந்தேன், வெங்காயம் உரித்தேன், பேரன் உடுப்பைக் கையால் அலசினேன். மெஷினை நான் குறை சொல்லவில்லை. மகளின் வேலைக்கு அது தேவை, அவளுக்கு அது அல்லாஹ் தந்த மூன்றாவது கை. நான் எடுத்துக்கொண்டது எனக்குத் தேவையானதை மட்டும்.

பிறகு தேங்காய் துருவுகிற துருவலை. சாமான் அறையில் கடதாசிப் பெட்டிகளுக்குப் பின்னால் கிடந்தது. தாழ்வான மரக்கட்டை, முன்னால் நீட்டிய பல்லுள்ள இரும்பு நாக்கு. தூசு தட்டி, நாக்கை உரசிக் கழுவிப் பின்படியில் வைத்தேன். அதில் உட்காருவதற்கு ஒரு கிழமை எடுத்தது. உட்கார்ந்து ஒரு தேங்காய் முழுக்கத் துருவிய அன்று மூச்சு வாங்கியது. பாடிப் பார்த்தேன். வரவில்லை. அல்ஹம்துலில்லாஹ் என்று மட்டும் வந்தது, அதுவும் பாதி பாதியாக.

இத்தனை பேசுகிற நான் ஒன்றைச் சொல்லாமல் விடக்கூடாது. தேறிக்கொண்டு வருகிறேன் என்ற துணிச்சலில் ஒரு நாள் துருவலையையும் விட்டு வெறும் நிலத்தில் பாயைப் போட்டுக் குந்தி மீன் வெட்டினேன். சந்தைக்காரன் வெட்டாத முழுப்பாரை ஒன்றை என் கணவர் கொண்டு வந்திருந்தார். வெட்டினேன், கழுவினேன், எல்லாம் சரி. எழும்பப் பார்த்தால் வீடு மட்டும் எழும்புகிறது, நான் எழும்பவில்லை. கால் மரத்துவிட்டது. மகள் பள்ளிக்கூடத்தில். மீன் வாசத்துக்குப் பூனை ஒன்று வந்து எனக்கு முன்னால் மரியாதையாக உட்கார்ந்துகொண்டது. சத்தம் போட்டேன்.

என் கணவர் ஓடி வந்தார். கக்கத்துக்குள் கையைக் கொடுத்துத் தூக்கப் பார்த்தார். என் பாரம் அவருக்கு எங்கே தாங்கும்? அவரும் பாயில் தொப்பென்று இருந்துவிட்டார். இரண்டு பேரும் மீன் சட்டிக்கு இரண்டு பக்கமும்.

"தூக்க வந்த ஆளைத் தூக்க யார் வாற?" என்றேன்.

"பூனையிட்டக் கேளு."

சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்தது. சிரித்து முடிய அவர் சொன்னார், பள்ளிவாசலில் வயதான ஆட்கள் எப்படி எழும்புகிறார்கள் என்று. ஒரு முழங்காலை நிலத்தில் ஊன்றி, மற்றக் காலின் பாதத்தை முன்னால் வைத்து, தொடையின் மேல் கையை அழுத்தி. "கூட்டத்துக்குள்ள நிண்டு பாத்துப் பழகினது," என்றார். நான் செய்து பார்த்தேன். முதல் தரம் விழுந்தேன். இரண்டாம் தரம் பாதி. மூன்றாம் தரம் நின்றுவிட்டேன். நின்ற பிறகுதான் தெரிந்தது, அவர் இன்னும் பாயில்தான் இருக்கிறார் என்று. அவருக்கு நான் கை கொடுத்தேன். பூனைக்கு மீன் தலை.

அன்றைக்கு எனக்கு விளங்கியது, நான் பழக வேண்டியது கீழே போவதை மட்டும் இல்லை என்று. கீழே எவரும் போவார்கள், விழுந்தால் கூடப் போகலாம். எழும்புவதைப் பழக வேண்டும். இருந்தவன் எழும்புவதற்குள் நின்றவன் நெடுந்தூரம் போவான் என்று பழமொழி இருக்கிறது. இருந்தவளும் எழும்புவாள், அவளுக்கு ஒரு தொடையும் ஒரு கையும் இருந்தால். இதை நான் சேர்த்துக்கொள்கிறேன்.

நோன்புக்கு முந்தின ஷஃபான் மாதம் முழுக்கப் பின்வளவில் கூட்டினேன், துருவினேன், குந்தினேன், எழும்பினேன். வீட்டில் யாருமில்லாத நேரம் முஸல்லாவில் கை வைத்து, முழங்கால் வைத்து, நெற்றி வைத்துப் பார்த்தேன். சில நாள் வலி குத்தியது, அன்று விட்டேன். சில நாள் நெற்றி போய்த் தொட்டது. மகளுக்குச் சொல்லவில்லை, ஆனால் ஒரு நாள் சாமான் வாங்கிக்கொண்டு வந்தவள் பையில் இருந்து தடித்த புது முஸல்லா ஒன்றை எடுத்து என் கட்டிலில் வைத்தாள். "பழையது மெல்லிசு உம்மா, முழங்கால் நோகும்," என்றாள். கட்டிலில் இருந்து அதை எடுத்து நிலத்தில் விரித்துக் காட்டினேன். அவளும் சிரித்தாள்.

சீனி என்ன ஆனது என்று கேட்காதீர்கள். அது வட்டிலப்பம் என்கிற இனிப்பின் கதை, வேறாக எழுத வேண்டும்.

பிறை கண்ட அன்று இஷாவுக்குப் பிறகு அந்த விறாந்தைக்குப் போனேன். வரிசையின் கடைசியில், சுவரோரம், வெள்ளைக் கதிரை எனக்காகப் போடப்பட்டிருந்தது. அன்பாகத்தான் போட்டிருந்தார்கள். நான் அதைத் தூக்கிப் பின்னால் வைத்துவிட்டு, மச்சிக்குப் பக்கத்தில் புது முஸல்லாவை விரித்தேன்.

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "என்னகா, இண்டைக்குக் காவல் இல்லையா?"

"லீவு."

"விழுந்தா நான் தூக்கமாட்டன். சொல்லிப்போட்டன்."

"நீ உன்னத் தூக்கு போதும்."

தக்பீர் சொல்லப்பட்டது. அவளுடைய தோள் வந்து என் தோளில் பட்டது. நின்று குனிகிற ருகூஃ லேசாக வந்தது. சுஜூதுக்கு எல்லாரும் போனார்கள். நான் கையைத் தொடையில் ஊன்றி, ஒரு முழங்கால், மறு முழங்கால், கை, நெற்றி. கடைசியாகப் போய்ச் சேர்ந்தவள் நான்தான். ஆனால் போய்ச் சேர்ந்தேன். புது முஸல்லாவின் கடை வாசம் மூக்கில் ஏறியது. யாருடைய முதுகும் தெரியவில்லை. பச்சை நூலைத் தவிர ஒன்றுமே தெரியவில்லை. அதைப் பார்க்கத்தான் இத்தனை மாதமாக மணலைக் கூட்டினேன்.

எழும்பும்போதும் கடைசிதான். ஒரு காலை முன்னால் வைத்து, தொடையை அழுத்தி நான் நிமிர்ந்து முடிய, முன்னால் நின்ற பிள்ளை அல்ஹம்து ஓதத் தொடங்கியிருந்தாள். பக்கத்தில் மச்சியின் தோள் கொஞ்சம் விலகி எனக்கு இடம் விட்டு, பிறகு திரும்ப வந்து ஒட்டிக்கொண்டது.

எல்லா ரக்அத்தையும் அப்படித் தொழுதேன் என்று சொன்னால் பொய். பாதியில் முழங்கால் போதும் என்றது. ஸலாம் கொடுத்த இடைவெளியில் பின்னால் திரும்பிக் கதிரையைத் தேடினேன். யாரோ ஒருத்தி தன் பிள்ளையின் தண்ணீர்ப் போத்தலையும் செருப்பையும் அதன் மேல் வைத்திருந்தாள். அது ஆளில்லாத கதிரை என்று நினைத்துவிட்டாள் போல. எடுக்கச் சொல்லவேண்டியிருந்தது. எனக்கு அப்படிச் சொல்வதில் ஒரு வெட்கமும் வரவில்லை.

"என்னகா, இப்ப என்ன?" என்றாள் மச்சி.

"தேத்தண்ணி நேரம். அடுத்ததுக்குக் கீழ வாறன், இடத்தை வெச்சிரு," என்றேன்.

முஸல்லாவை அவள் மடிக்கவில்லை. அப்படியே விரித்தபடி விட்டிருந்தாள்.